சைக்கிள் செயினும் ஓர் அரைப்பேரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் என்னைச் ‘செயின் தபால்காரர்’ என்று சொல்வார்கள். ராகலை டவுனில்கூட அந்தப் பட்டப்பெயர் தெரியும். சைக்கிள் செயினைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பக்கத்துத் தோட்டங்களிலும் பேச்சிருந்தது. அந்தப் பேச்சு சுத்தப் பொய். அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது.

தோட்டத்து வழக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களிடையே ‘பேர்’ என்றால் ஆளின் பெயர் மட்டும் இல்லை. ஒருநாள் வேலைக்கும் அதுதான் சொல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆளோடு ஆளாய் நின்று, மலைக்குப் போய், சாயங்காலம்வரை வேலை செய்தால் முழுப்பேர். கொழுந்து குறைந்தாலோ கங்காணிக்கு மூக்கின்மேல் கோபம் வந்தாலோ அரைப்பேர். “இன்னைக்குப் பேரு விழுந்துச்சா?” என்றுதான் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குத் தபால் வேலை கிடைத்தது. அதற்குமுன் தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதே அதிகம். கவ்வாத்துக் கத்தியை என் கையில் கொடுத்தால் தேயிலைச் செடியைவிட என் முழங்காலுக்குத்தான் ஆபத்து. இரண்டு முறை வெட்டிக்கொண்டு டிஸ்பென்சரியில் கிடந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தது அப்போதுதான் உதவிக்கு வந்தது. பழைய தபால்காரர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் துரை என்னைக் கூப்பிட்டுத் தோல்பையைக் கொடுத்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் எங்கள் தமிழை எங்களிடமிருந்தே கற்றுக்கொண்டு உடைத்து உடைத்துப் பேசுவார்.

“இந்தப் பைக்குள்ள என் பேச்சு இருக்கு, ஒன் ஆளுங்க பேச்சும் இருக்கு. பொய் பேசற ஆளு கையில இத நான் குடுக்க மாட்டேன்” என்றார்.

அந்த வேலை எனக்கு உயிர். நேற்றுவரை “டேய்” என்ற கங்காணி “வாங்க தப்பால்காரரே” என்றார். திருச்சிப் பக்கத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வரும் கடுதாசிகளை லயத்து வாசலில் உட்கார்ந்து நான்தான் வாசிப்பேன். யாருக்குத் தங்கை பிள்ளை பெற்றாள், யார் வீட்டு மாடு செத்தது, எல்லாம் முதலில் என் வாயில்தான் வரும். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர்கள் அரசாங்க முத்திரை குத்திய நீளக் கவர் வந்திருக்கிறதா என்று என் பையைப் பார்க்கும் பார்வை இன்னும் மறக்கவில்லை. என்னால் பத்துப் பேருக்கு உபயோகம் இருந்தது. கத்தியைப் பிடித்த காலத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

காலையில் துரையின் கடிதங்களை வாங்கிப் பையில் பூட்டிக்கொண்டு, நுவரெலியாவுக்கு முதல் பஸ் கிளம்புவதற்குள் ராகலைத் தபால் கந்தோரில் சேர்க்கவேண்டும். வந்த தபாலை வாங்கிக்கொண்டு திரும்பவேண்டும். பாதை எங்கள் லயத்தை ஒட்டி இறங்கும். ஆற்றுப்பாலம் வரை ஒரே இறக்கம், பாலத்தைத் தாண்டினால் டவுன் வரை ஒரே ஏற்றம். நடந்து போவதற்காகச் சாமக்கோழிக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்த எனக்கு, துரை இரக்கப்பட்டு ஒரு சைக்கிளைக் கொடுத்தார். துரைக்கு உதவியாக முன்பிருந்த சின்னதுரை ஒருவர் சீமைக்குப் போனபோது, தேயிலை அரைக்கும் ஸ்டோரின் பின்பக்கம் விட்டுப்போனது. ஆறடி ஆளுக்குச் செய்த உருப்படி. ஏறி உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் எட்டாது. இருந்தாலும் எங்கள் லயத்தில் நின்ற முதல் சைக்கிள் அது. நான் அதன்மேல் வைத்த ஆசையைப் பார்த்து என் வீட்டுக்காரி ஒருநாள், “நானும் ரெண்டு சக்கரத்தோட பொறந்திருக்கலாம்” என்றாள்.

அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவள் கொழுந்து பறிப்பவள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவள் அதிகமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பேசினால் அது ஊசி குத்தின மாதிரி நேரே போய் இறங்கும்.

சைக்கிளுக்கு ஆரம்பத்தில் ஸ்டோரிலிருந்து எஞ்சின்காரர் கொடுத்த எண்ணெயைத்தான் விட்டேன். கறுப்பாக, நாற்றமாக இருக்கும். தீபாவளி முடிந்ததும் எனக்குப் புத்தி வேறு மாதிரி போனது. இவ்வளவு உழைக்கிற பிராணிக்கு இந்தக் கழிவெண்ணெயா என்று தோன்றியது. சுத்தமான தேங்காயெண்ணெய், தலைக்கு வைக்கிற எண்ணெய், அதை எடுத்து விட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தூக்கிக்கொண்டு வருவேன். போத்தலை அடுப்பில் காட்டி எண்ணெயை இளக்கி, செயினிலும் பின்சக்கரத்துப் பிரீவீலுக்குள்ளும் வழிய வழிய ஊற்றுவேன். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சுற்றினால் சக்கரம் பம்பரம் போலச் சுற்றும். எனக்குப் பெருமை பிடிபடாது. பிறகு வெளியே இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் கொண்டுபோய்ச் சாக்குப் போர்த்தி நிறுத்துவேன். வீட்டுக்காரியின் தலைக்குப் போகவேண்டிய எண்ணெயில் பாதி சைக்கிளுக்குப் போனது. அவள் போத்தலைத் தூக்கிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை, பனி கால் எலும்பைக் கடிக்கிறது. இறக்கத்தில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் மிதித்தேன். மிதி சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை. கிணற்றில் வாளியில்லாத கயிற்றை இழுத்த மாதிரி கால் வெறுமனே போய்வருகிறது. இறங்கிப் பார்த்தேன். செயின் அறுபடவில்லை, கழன்று விழவும் இல்லை. ஆறடிச் சைக்கிளை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு ஓடினேன். டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது.

தபாலைக் கொடுத்துவிட்டு நேரே நாங்கள் நானா என்று கூப்பிடும் சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். அதற்குள் வெயில் நன்றாக ஏறியிருந்தது. நானா ஏறி மிதித்துக் கடைத்தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தார். ஒரு குறையும் இல்லை. கால் பலமில்லாதவன் சைக்கிளைக் குற்றம் சொல்லக்கூடாது என்று கடையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். நானும் ஏறிப் பார்த்தேன், ஓடியது. திரும்பி வரும்போதும் ஓடியது.

அடுத்த நாள் ஓடியது. அதற்கு மறுநாள் மறுபடியும் அதே பாலம், அதே கூத்து. அன்றைக்கு நாக்குத் தள்ள ஓடிக் கடைசி நிமிஷத்தில் பையைச் சேர்த்தேன். இப்படியே விட்டு விட்டு வந்தது. எப்போது வந்தாலும் பாலத்தைத் தாண்டித்தான் வரும். பாலத்தடியில் ஒரு பெரிய மரமும், அதன் கீழ் சூலமும் உண்டு. லயத்தில் எல்லோருக்கும் விஷயம் உடனே விளங்கிவிட்டது. முனி பிடித்திருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தப் பக்கம் ஓடவில்லை என்றால் வேறென்ன? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேவல் அறுத்து, சுருட்டு வைத்து, சூடம் கொளுத்தி முனியிடம் மன்னிப்புக் கேட்டேன். அங்கேயே ஏறி மிதித்தேன். ஏற்றத்தில் சைக்கிள் குதிரை போலப் பாய்ந்தது. கூடவந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை மறுபடியும் மிதி சும்மா சுற்றியது. பஸ் போய்விட்டது. அன்றைக்கே நுவரெலியாவில் சேரவேண்டிய முக்கியமான கடிதம் ஒன்று நின்றுபோக, அங்கிருந்து துரைக்குத் தந்தி வந்துவிட்டது. தோட்டக் கந்தோரில் என்னை நிறுத்திவைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்: திங்கட்கிழமை நான் நுவரெலியாவுக்குப் போகிற வழியில் தபால் கந்தோர் வாசலில் நிற்பேன். பஸ்ஸுக்கு முன்னால் நீ வராவிட்டால் பையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நீ கவ்வாத்துக்குப் போ.

அன்று சாயங்காலம் அடுப்படியில் சுருண்டு படுத்துவிட்டேன். முழங்காலில் இருந்த பழைய தழும்பு வலிக்கிற மாதிரியே இருந்தது. வீட்டுக்காரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே கேட்டாள்.

“ஏங்க, முனி பாலத்துலதான இருக்கு?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“அப்பறம் ஏன் சைக்கிளு நம்ம வாசல்லருந்தே ஊமையா போவுது?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சைக்கிள் எந்தக் காலத்தில் பேசியது என்று வெடுக்கென்று கேட்டேன். அவள் கோபப்படாமல் விளக்கினாள். நான் மிதிக்காமல் இறக்கத்தில் போகும்போது பின்சக்கரம் எப்போதும் கிர்ரென்று ஒரு சத்தம் போடுமாம். பெரட்டுக்குப் போக அவள் தலையில் கொங்காணித் துணி கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் லயத்தைக் கடந்து இறங்கிப் போவது காதில் விழுமாம். சில நாள் அந்தச் சத்தம் கேட்பதில்லை. சத்தமில்லாமல் போன நாளெல்லாம் நான் திட்டு வாங்கிக்கொண்டு வந்த நாள். இன்று காலையும் சத்தமில்லை. பாலத்துக்குப் போய்க் கெட்டுப்போகிற வண்டி இல்லை இது, வாசலிலேயே கெட்டுப்போய்த்தான் கிளம்புகிறது என்றாள். இறக்கத்தில் நான் மிதிப்பதில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை.

நான் எழுந்து உட்கார்ந்தேன். தினமும் அந்தச் சைக்கிளின்மேல் உட்கார்ந்து போகிறவன் நான். சத்தம் நின்றுபோனதைக் கேட்டவள் காம்பராவுக்குள் நின்றவள்.

ஞாயிறு விடியும்போது என்னை எழுப்பினாள். வெளியே புல்லெல்லாம் வெள்ளை. இஸ்தோப்பில் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அவளே மிதியைக் கையால் சுற்றினாள். மிதி சுற்றியது, செயின் ஓடியது, சக்கரம் அசையவில்லை. முனி எங்கள் வீட்டு இஸ்தோப்பிலேயே குடியிருந்திருக்கிறது. பிறகு சைக்கிளை உள்ளே கொண்டுவந்து பின்சக்கரத்தை அடுப்பின் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். தேத்தண்ணி கொதித்தது, ஆளுக்கொரு கோப்பை குடித்தோம். மறுபடி மிதியைச் சுற்றினாள். ஒன்றிரண்டு தடவை வழுக்கிவிட்டுச் சக்கரம் பிடித்துக்கொண்டு சுற்றியது. கையை எடுத்ததும் கிர்ரென்று பேசியது.

அவள் வெளித்தட்டில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாய் உறைந்து கிடந்தது.

“தலைக்கு வைக்கிறதுக்கே அடுப்புல காட்டித்தான வைக்கிறோம். இஸ்தோப்புல நிக்கிற சைக்கிளுக்கு யாரு வந்து அடுப்பு மூட்டுவா?”

மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். தேங்காயெண்ணெய் குளிருக்கு உறையும் என்பது இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் போத்தலை என் கையாலேயே இளக்கியிருக்கிறேன். தலைக்கும் சைக்கிளுக்கும் ஒரே எண்ணெய்தானே என்று ஊற்றத் தெரிந்தவனுக்கு, தலையில் உறைவது சைக்கிளிலும் உறையும் என்று தோன்றவில்லை. பனி கடுமையான நாளில் உறைந்தது, மழை மூட்டமான நாளில் கொஞ்சம் இளகியது, வெயிலேறியதும் ஓடியது. நானாவும் முனியும் என்னைப் பார்த்ததெல்லாம் வெயிலில்தான்.

அன்றைக்கு அவள் செய்த வேலையை இன்றைக்கும் கண்ணை மூடினால் வரிசையாகச் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் தலைக்குக் குளிக்கிற நாள், விறகு பொறுக்குகிற நாள். இரண்டையும் ஒதுக்கிவிட்டு வாசலில் சாக்கை விரித்தாள். துரை பங்களாவிலிருந்து வந்த பழைய பிஸ்கட் தகரம் ஒன்று, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கிழிந்த சேலைத்துணி, ஒரு சிரட்டை. முனிக்கு அறுத்த சேவலின் இறகு இரண்டு கூரை இடுக்கில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள். “பாவம், அது செத்ததுக்கு ஒரு அர்த்தம் வேணாமா” என்றாள்.

செயினை இணைக்கும் இடத்தில் ஒரு சிறிய பூட்டு உண்டு, மீன்வாய் போலப் பிளந்திருக்கும். நானாக இருந்தால் உடனே நெம்பியிருப்பேன். அவள் குனிந்து அதன் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று முதலில் பார்த்தாள். முன்பக்கம் மூடி, பின்பக்கம் வாய். அதைக் கரியால் சாக்கின்மேல் வரைந்துவைத்தாள். பிறகுதான் என் பழைய கவ்வாத்துக் கத்தியின் முனையால் மெதுவாகத் தள்ளினாள். அந்தக் கத்தி செய்த முதல் நல்ல காரியம் அதுதான். பூட்டும் அதன் தகடும் கழன்றதும், கழன்ற வரிசைப்படியே சிரட்டைக்குள் போனது.

செயின் தகரத்தில் மண்ணெண்ணெயில் ஊறியது. அது ஊறும்வரை அவள் சும்மா இருக்கவில்லை. சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இறகை மண்ணெண்ணெயில் முக்கிப் பிரீவீலின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, பல்சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள். கறுப்பும் வெள்ளையும் கலந்த கசடு வழிந்து வந்தது. அதற்குள்ளே சக்கரத்தைப் பிடிக்கிற சின்ன நாக்குகள் இருக்கின்றன, எண்ணெய் உறைந்தால் அவை ஒட்டிக்கொண்டு எழும்பாது என்று பின்னால் நானா எனக்குச் சொன்னார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அவள் காதை மட்டும் நம்பினாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ‘டிக்’ என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இரண்டு. கசடு நின்று தெளிந்த எண்ணெய் வரத் தொடங்கியபோது கிர்ரென்று முழுசாகக் கேட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை என்று சொன்னால் மிகை இல்லை.

செயினை மூன்று முறை கழுவினாள். துடைத்துக் கொடியில் போட்டு வெயில் காட்டினாள். காய்ந்ததும் மடியில் போட்டு, கண்ணியை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே நகர்த்த ஆரம்பித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது அப்போதுதான். கொழுந்து பறிக்கிறவர்கள் செடியைப் பார்ப்பதில்லை. கண் பக்கத்து நிரைக்காரியிடம் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் இளசு எது முற்றியது எது என்று பிரித்து எடுத்துக்கொண்டே போகும். அதே கைதான் செயினில் ஓடியது. பார்வை பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் மேல் இருந்தது. திடீரென்று விரல் நிற்கும்.

“இந்தா, இங்க ஒரு முத்தல்” என்பாள்.

மடங்காத கண்ணிக்கு அவள் வைத்த பெயர் அது. முற்றிய இலை விரலுக்கு வளையாமல் நிற்பது போலத்தானே அதுவும் நிற்கிறது! நான் வாங்கி உற்று உற்றுப் பார்த்தேன். மற்றக் கண்ணிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்துக் கொடுத்தாள். அதுவும் இளகிப் பிறகு மற்றவற்றோடு ஓடியது. இப்படி ஏழெட்டு முத்தல் கிடைத்தன. தேயிலைப்பால் ஏறி ஏற்கெனவே கறுத்து வெடித்திருந்த அவளுடைய விரல்களில் செயினின் கறுப்பு புதிதாகத் தெரியவேயில்லை.

எஞ்சின்காரர் வீட்டுக்கு அவளே போய்க் குளிருக்கு உறையாத எண்ணெய் வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்திருந்தாள். தெளிவாக, தண்ணீர் போல இருந்தது. செயினைப் பூட்டியபின் இறகின் நுனியால் கண்ணிக்கு ஒரு சொட்டு வைத்தாள், குழந்தைக்கு மைப்பொட்டு வைக்கிற மாதிரி. சுற்றி ஓடவிட்டு, மேலே நின்ற எண்ணெயையெல்லாம் துணியால் துடைத்து எடுத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் விடலாமே என்றேன். உள்ளே போனது போதும், மேலே இருப்பது மண்ணைத்தான் கூப்பிடும் என்றாள். எங்கே படித்தாள் இதையெல்லாம்? அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. ஒரு பொருளை அது இருக்கிற மாதிரியே பார்க்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

திங்கட்கிழமை புல்லில் அதே வெள்ளைப் பனி. நான் இறங்கும்போது பின்சக்கரம் கிர்ரென்று கத்திக்கொண்டு வந்தது. லயத்தைக் கடக்கையில் எங்கள் காம்பராக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். பாலம் வந்தது. மிதித்தேன். பிடித்துக்கொண்டது. அந்த ஏற்றத்தை நான் மிதித்த மிதிக்குச் சின்னதுரையே வந்தாலும் எட்டியிருக்கமாட்டார். தபால் கந்தோர் வாசலில் துரையின் கார் நின்றது. பஸ் இன்னும் வரவில்லை.

துரை கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து செயினைப் பார்த்தார். வெயில் பட்டுப் பளபளத்தது.

“நல்ல சுத்தம். யாரு செஞ்சது?”

“நான்தாங்க தொரை.”

யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. பொம்பளை கழுவிக்கொடுத்த சைக்கிளில் வந்து நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். துரை என் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

வினை அந்த வாரமே வந்தது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் சைக்கிளையும் ஸ்டோரைக் கவனிக்கும் டீமேக்கரின் சைக்கிளையும் ஞாயிறுதோறும் தபால்காரன் சுத்தம் செய்யவேண்டும், அதற்கு அவனுக்கு அரைப்பேர் போடவேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் சைக்கிள்கள் வந்து படுத்தன. அவள் சாக்கை விரித்தாள். ஒவ்வொன்றின் நோயையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தாள். நான் என்ன செய்தேன்? யாராவது அந்தப் பக்கம் வந்தால் துணியைக் கையில் எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் கழுவித் துடைத்த சைக்கிளை ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொள்வேன். ‘செயின் தபால்காரர்’ என்ற பட்டம் அப்போது வந்ததுதான். கேட்கக் கேட்க எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். கந்தோரில் கேட்டுவந்ததைச் சந்தோஷமாக அவளிடம் சொன்னேன்.

“போன ஞாயித்துக்கிழமைக்கும் அரைப்பேரு விழுந்திருச்சு.”

“யாருக்கு?” என்றாள்.

எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. இரண்டு பேருக்கும்தான், நீ வேறு நான் வேறா என்று கத்தினேன். அவள் என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு எழுந்துபோனாள். மறுநாள் எதுவும் நடக்காததுபோலச் சாக்கை விரித்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் தலை எண்ணெயில்லாமல் காய்ந்து பரட்டையாய் இருந்தது. குனிந்து அடுத்தவன் செயினில் முத்தல் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க என் உடம்பு கூசியது.

செவ்வாய்க்கிழமை தோட்டக் கந்தோரில் தபால் பையை மேசைமேல் வைத்துவிட்டு நான் நகராமல் நின்றேன். துரை நிமிர்ந்தார். பெரிய கிளாக்கரும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். பொய் பேசுகிறவன் கையில் இந்தப் பையைக் கொடுக்கமாட்டேன் என்று துரை சொன்னது காதுக்குள் அப்படியே கேட்டது. பை போனால் கடுதாசி வாசிப்பு போகும், ‘தப்பால்காரரே’ போகும், கத்தி மறுபடி கைக்கு வரும். சைக்கிளைக் கழுவுவது நான் இல்லை, என் வீட்டுக்காரி, முதல் நாளிலிருந்தே அவள்தான், நான் பொய் சொல்லிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தேங்காயெண்ணெய்க் கதையையும் சேர்த்துச் சொன்னேன். கிளாக்கர் வாயைப் பொத்திக்கொண்டார்.

துரை சிரிக்கவில்லை. கிளாக்கர் பக்கம் கையை நீட்டி, பேர் போடும் பதிவேடான செக்ரோலை வாங்கினார்.

“அவ பேரு என்ன?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஆறு வருஷமாக நான் அவளை “ஏ புள்ள” என்பேன், அவள் என்னை “ஏங்க” என்பாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. கல்யாணத்தன்று யாரோ சொல்லக் கேட்டதோடு சரி. நாலு பேர் நடுவில் அவள் பெயர் என் வாயிலிருந்து வர ஒரு நிமிஷம் பிடித்தது. சொன்னேன். அவளுடைய அப்பா பெயரையும் முன்னால் சேர்த்துச் சொன்னேன். துரை எழுதினார். எழுதி முடித்து, மேசைமேல் இருந்த தபால் பையை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

“பையைப் புடுங்கிட்டாங்களா?”

இல்லை என்று தோளில் தொங்கிய பையைக் காட்டினேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை உனக்குத்தான் பேர் விழும், உன் பெயரைக் கேட்டார், சொன்னேன் என்றேன். அவள் கூடைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“என் பேரையா? நீங்களா சொன்னீங்க?”

“ஆமா. ஒங்கப்பா பேரோட, முழுசா.”

கொங்காணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கே உரிய அந்தச் சிரிப்பு மெதுவாக வந்தது.

“அரைப்பேருக்குப் போயி முழுப்பேரையும் சொல்லிட்டு வந்திருக்கீங்களே” என்றாள்.